தளும்பாத டம்ளர்

இந்த விசாரணை அறையின் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதற்கு வோல்டேஜ் காரணமல்ல. கண்டென்சர் பழுதாகிவிட்டது. யாராவது ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தால் நானே மாற்றிவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும், மேடம். சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். எது ஏன் ஓடுகிறது, எது ஏன் நின்றுபோகிறது என்று கேட்காதவர்களையும் உட்காரவைத்து விளக்குவது என் வியாதி. எத்தனையோ வியாதிகளுக்கு வழி பார்த்த நான் இந்த ஒன்றுக்கு மட்டும் எதுவும் செய்யவில்லை.

நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எல்லாம் ஒரு சின்னச் சிக்கலில் தொடங்கியது. சவரியப்பனுக்குக் கை நடுங்கவில்லை.

நான் நடத்தும் மறுவாழ்வு இல்லத்துக்குக் குடிநோயாளி யார் வந்தாலும் மூன்றாம் நாள் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன். எவர்சில்வர் டம்ளர். இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழியும் என்கிற அளவுக்கு விளிம்புவரை தண்ணீர். கீழே ஒரு தட்டு. வந்தவர் டம்ளரைத் தூக்கி வாயில் வைக்க வேண்டும். தட்டில் சிந்தும் தண்ணீரைப் பார்த்தால் அவருக்குள் எவ்வளவு குடி இருந்தது என்று தெரிந்துவிடும்.

காரணம் எளிது. குடி நரம்புகளுக்கு ஒரு பிரேக். வருடக்கணக்கில் பிரேக்கை மிதித்தபடியே வண்டி ஓட்டினால், வண்டி நகர வேண்டுமே என்று உடம்பு ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதிக்கப் பழகிவிடும். திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் ஆக்ஸிலேட்டர் மட்டும் மிஞ்சும். வண்டி துள்ளும். அந்தத் துள்ளல்தான் கை நடுக்கம். இதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். எங்கள் இல்லத்துக்கு வந்துபோகும் மருத்துவரைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது.

சவரியப்பன் டம்ளரைத் தூக்கினார். குடித்தார். கீழே வைத்தார். தட்டு காய்ந்து கிடந்தது.

"இன்னொரு டம்ளர் கெடைக்குங்களாய்யா? வெக்கையா இருக்கு" என்றார்.

மறுநாளும் கொடுத்தேன். அதற்கு மறுநாளும் கொடுத்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எங்கள் இல்லத்தில் சமையலும் மேற்பார்வையும் பிச்சை. அவர் முன்பு பெருங்குடிகாரர். குடியை விட்டபின் எங்களோடேயே தங்கிவிட்டார். அவர் சவரியப்பனின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, அவரு கையி செவுத்துல அடிச்ச ஆணியாட்டம் நிக்கிது. எனக்கெல்லாம் அந்தத் தட்டே ரொம்பிப் போச்சு, ஞாபகம் இருக்கா? இந்த ஆளு எதுக்கு இங்கிட்டு வந்தாரு?"

அதுதான் எனக்கும் புரியவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் வெற்றிசெல்வன். பாலிடெக்னிக் ஒன்றில் ஆய்வகப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்கள் முதலில் கிராஃபை அழகாக வரைந்துவிட்டு, பிறகு அதற்குத் தோதாக ரீடிங் எழுதிக்கொண்டு வருவார்கள். கருவியைத் தொட்டே இருக்க மாட்டார்கள். அவர்களைத் திட்டித் திட்டியே என் தொண்டை கெட்டுப்போனது. பொய்யான ரீடிங்கை என் வாழ்நாளில் நான் எழுதியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஓய்வுக்குப் பிறகு சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அங்கேதான் மணிமேகலையைப் பார்த்தேன். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் பேருந்துகள்மேல் கல்லெறிகிறவர். ஹாரன் அவரை மட்டும் பெயர் சொல்லித் திட்டுகிறதாம். கண்ணாடி உடையும், கைது செய்வார்கள், உள்ளே போவார், வெளியே வருவார், மறுபடி கல். சிறைக்குள் ஹாரன் கேட்காது என்பதைத் தவிர இதில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. நான்கு அலுவலகங்களுக்கு நடையாய் நடந்து அவரைச் சிறைக்குப் பதில் மருத்துவமனைக்கு அனுப்ப வைத்தேன். மாத்திரை வேலை செய்தது. இப்போது அதே பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்கிறார். ஹாரன் அடித்தால், "ஒன் வேலையப் பாரு" என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த முடிச்சைப் போடுகிறார்.

கண்மாய்க்குக் கலிங்கு எதற்கு வைக்கிறார்கள்? மிஞ்சி வரும் தண்ணீருக்கு வேறு வழி விட்டால் கரை உடையாது. சட்டத்துக்கும் அப்படி ஒரு கலிங்கு வேண்டும் என்று தோன்றியது. மனநோயிலோ குடியிலோ சின்னக் குற்றம் செய்தவரைக் கோர்ட்டுப் பக்கம் விடாமல் சிகிச்சைப் பக்கம் திருப்புவது. மடைமாற்றுத் திட்டம் என்று பெயர் வைத்தேன். எங்கள் பக்கத்துக் காவல் நிலையம் ஒத்துழைத்தது. அவர்கள் கூப்பிடுவார்கள், நான் போவேன், புகார் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவேன், ஆளை இல்லத்துக்கு அழைத்து வருவேன். குணமானதும் அறிக்கை போகும். வழக்கு மெல்ல உதிர்ந்துவிடும். இதனால் வீடு போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு, வேலைக்குத் திரும்பியவர்கள் உண்டு. இதில் பொய் இல்லை. நீங்களே விசாரித்துக்கொள்ளலாம்.

இந்த முழு இயந்திரமும் ஒரே அச்சில் சுற்றுகிறது. நான் அழைத்துப் போகிறவர் உண்மையிலேயே நோயாளியாக இருக்க வேண்டும். நல்ல உடம்புக்காரன் ஒருவன் இந்த வழியில் நுழைந்தான் என்று தெரிந்தால், கேஸிலிருந்து தப்பிக்க இது குறுக்குவழி என்பார்கள். அல்லது ஆளைப் பிடித்து அடைக்கும் இடம் என்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் கதவு மூடிவிடும். அதனால் கூட்டங்களில், "இதுவரை ஒரு தப்பான ஆளைக்கூட நாங்கள் சேர்த்ததில்லை" என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்துவேன், கைதட்டுவதற்கு இடம்விட்டு. பெரும்பாலும் யாரும் தட்ட மாட்டார்கள். கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டு நானே தொடர்வேன்.

சவரியப்பன் வந்தது சித்திரை வெயிலில். அரிமளம் சாலையில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். ஜவுளிக்கடை விளம்பரத்தோடு, பட்டுப்புடவைப் பெண் சிரித்துக்கொண்டிருக்கும் புத்தம்புதுத் தடுப்புகள். தண்ணீர் ஏற்றிக்கொண்டு ஒரு டேங்கர் லாரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடிக்கொண்டே வந்து அந்தப் பெண்களின்மேல் ஏறி நின்றது. வேறு யாருக்கும் அடி இல்லை. ஓட்டுநருக்கு மட்டும் நெற்றி ஸ்டீயரிங்கில் மோதிவிட்டது. இறங்கினார், தள்ளாடினார், வாந்தி எடுத்தார். சட்டையைப் பிடித்த போலீஸ்காரரை உதறினார். போலீஸ்காரர் வாய்க்காலில் விழுந்தார்.

எஸ்.ஐ. பிரவீன்குமார் கூட்டத்தைப் பார்த்து, "யாருய்யா இந்த ஆளு?" என்று கேட்டிருக்கிறார்.

"தண்ணி வண்டிங்க சார்" என்று பல குரல்கள் சொல்லியிருக்கின்றன.

பிரவீன்குமார் எனக்கு போன் செய்தார். "சார், ஒங்களுக்கு ஒரு ஆளு இருக்கு. ஊரே தண்ணி வண்டிங்குது."

"ஊதச் சொன்னீங்களா?"

"மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு சார். ஆடுறான், வாந்தி எடுக்குறான், போலீஸத் தள்ளுறான். இதுக்கு மேல மிஷின் வந்து என்ன சார் சொல்லப்போகுது?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கருவி இல்லாமல் ரீடிங் எடுக்காதே என்று எத்தனை பையன்களைத் திட்டியிருப்பேன். அன்றைக்கு என்னைத் திட்ட ஆள் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், அவருடைய மனைவி அடைக்கலமேரி வந்தார். நான் பிரேக், ஆக்ஸிலேட்டர் எல்லாம் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, நீங்க சொல்றது எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு ஓட்டுறதுதான் தண்ணி வண்டி. அவரு தண்ணி வண்டி இல்லீங்க."

நான் புன்னகைத்தேன். எல்லா மனைவிகளும் முதலில் மறுப்பார்கள்.

"எங்க மாமனாரு குடிச்சே செத்தாரு. அந்த வீட்டுக்கு வாக்கப்பட மாட்டேன்னு நான் அழுதேன். இவரு ஆவூர் கோயில்ல மெழுகுதிரியப் புடிச்சுக்கிட்டுச் சத்தியம் பண்ணித்தான் எனக்குத் தாலி கட்டுனாரு. கிறிஸ்மஸ் கேக்கக்கூட மோந்து பாத்துட்டுத்தான் வாயில வைப்பாரு. எங்க ஷர்லிக்கு நிச்சயம் பண்ணியிருக்கு. அப்பன் குடிக்காதவருன்னுதான் அந்த வீட்டுலயே சம்மதிச்சாங்க. குடிகாரன்னு இங்க வச்சிருக்கீங்க. ஊருக்குள்ள நான் என்ன சொல்றது?"

அவர் போன பிறகுதான் அந்தச் சொல் எனக்குள் திரும்பத் திரும்பச் சுற்றத் தொடங்கியது. தண்ணி வண்டி. அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஆளை வேறு எப்படிச் சொல்வார்கள்? யாரென்று கேட்டதற்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். தண்ணீருக்கும் சாராயத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மொழி இத்தனை காலம் ஓடியிருக்கிறது. அதன் மொத்தப் பழுதும் என் வாசலில் வந்து விழுந்திருந்தது.

ஆனால் லாரி ஏன் தள்ளாடியது? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வல்லத்திராக்கோட்டையில் லாரி உரிமையாளரின் கொட்டகைக்குப் போய் டேங்கர்மேல் ஏறி மூடியைத் திறந்து பார்த்தேன். பந்தியில் அரை வாளி சாம்பாரோடு நடந்தவர்களுக்கு இது தெரியும். நீங்கள் நின்றாலும் சாம்பார் நிற்காது. அதனால்தான் டேங்கருக்குள் நெடுக்கும் குறுக்குமாகத் தடுப்புத் தகடுகள் வைப்பார்கள். இந்த டேங்கரில் அவை துருப்பிடித்து உதிர்ந்ததால் வெட்டி எடுத்துவிட்டு, மறுபடி வைக்கவில்லை. பாதித் தண்ணீரோடு போனால் உள்ளே ஒரு அலை பக்கத்துக்குப் பக்கம் மோதும். எவ்வளவு நிதானமானவர் ஓட்டினாலும் வண்டி தள்ளாடும். இறங்கிய பிறகு அவர் தள்ளாடியதும் வாந்தி எடுத்ததும் நெற்றியில் பட்ட அடியால். குடித்தவனைப் போல ஆடியது லாரி. ஆட்டியது சுத்தமான போர்வெல் தண்ணீர்.

என்ன அழகான விடை. கொட்டகையில் கட்டியிருந்த ஆட்டிடம்கூடக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். ஒரு மனிதர் நிரபராதி என்பதை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டவர் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். இதை இங்கே எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன். பிரவீன்குமார் நான் விளக்கியதைக் கேட்டார். சாம்பார் வாளி வரைக்கும் கேட்டார்.

"சார், ஆடி மாசம் கமிட்டி வருது. ஒங்க திட்டத்த மாவட்டம் பூரா கொண்டு வரலாமான்னு பாக்க வாராங்க. இந்த நேரத்துல தப்பான ஆளச் சேத்துட்டோம்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, மத்த கேஸ் எல்லாத்தையும் கிண்டுவாங்க. நீங்க காப்பாத்துன அத்தன பேரும் திரும்பக் கோர்ட்டுக்கு நடக்கணும். இவரு மேல போலீஸத் தள்ளுன கேஸும் அப்படியே நிக்கிது. யோசிங்க. ஒங்க இஷ்டம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது எல்லாமே சரி. ஆனால் யோசி என்றுதான் சொன்னார். இப்படிச் செய் என்று சொல்லவில்லை. செய்தது முழுக்க முழுக்க என் யோசனை.

முதலில் நேர்வழியைத்தான் முயன்றேன். சவரியப்பனை உட்காரவைத்துப் பேசினேன்.

"கமிட்டிக்காரங்க கேட்டா ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. குடிச்சேன், இப்ப விட்டுட்டேன்னு. கேஸ் முடிஞ்சிரும். வீட்டுக்குப் போயிரலாம்."

"கேஸு முடியுங்கய்யா. வீடு முடியாதே." சிரித்தார். "என்னையக் கோர்ட்டுல நிறுத்துங்க. போலீஸத் தள்ளுனது நெசம். அதுக்கு ஜெயிலுக்குப் போறேன். குடிகாரன்னு சொல்லி வீட்டுக்குப் போக மாட்டேன்."

"ஜெயிலுக்குப் போனா லைசென்ஸ் போயிரும். மக கல்யாணம்?"

"கோவக்காரன் மகள யாராச்சும் கட்டிக்குவாங்க" என்றார்.

இப்படி ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. தப்பிக்கக் கதவைத் திறந்து வைத்தால், அது என் கதவு இல்லை என்கிறார். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு. இப்போதும் உண்டு.

அவரைக் கோர்ட்டுக்கு அனுப்பினால் என் திட்டம் போகும். மணிமேகலை மாதிரி அடுத்து வருகிறவர்களுக்கு வழி அடைபடும். வைத்துக்கொண்டால் கமிட்டிமுன் டம்ளர் தளும்பாது. டம்ளர் சோதனையைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் தனியாகக் கேட்டிருந்தார்கள். காவல் நிலையம் அனுப்பியவர்களில் அப்போது இல்லத்தில் இருந்தவர் சவரியப்பன் மட்டும்தான். ஊர் ஊராக அதைப் பெருமையடித்தவன் நானேதான். பொய்யாக, தளும்பியது என்று எழுதுவது என்னால் முடியாத காரியம். ரீடிங்கை மாற்றக்கூடாது. கருவியிலும் கோளாறு இல்லை. அப்படியானால் மிஞ்சுவது என்ன? சாம்பிள்.

அந்த நாள்களில்தான் இன்னொரு விஷயம் கவனித்தேன். சவரியப்பன் பிச்சையிடம், "அண்ணே, சாம்பார்ல பெருங்காயமே போடலியா?" என்று கேட்டார். பிச்சைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரே மணக்குது, ஒனக்கு மட்டும் மணக்கலையா? மூக்க அடமானம் வச்சிட்டியா?" என்றார். அப்போதுதான் தெரிந்தது, நெற்றியில் அடிபட்ட நாளிலிருந்து அவருக்கு எதிலும் வாசனை தெரியவில்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் மிக மெல்லியவை, மோதலில் அறுந்துபோவதுண்டு. மருத்துவரிடம் உடனே சொல்லியிருக்க வேண்டிய செய்தி. முதலில் அது எனக்குச் சுவாரசியமான செய்தியாகப் பட்டது. பிறகு பயன்படக்கூடிய செய்தியாகப் பட்டது.

எங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் சாயங்காலம் நிலவேம்புக் கஷாயம் உண்டு. அந்தக் கசப்பில் எதைக் கலந்தாலும் நாக்குக்குத் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும். சவரியப்பனின் கஷாயத்தை நான் தனியாகக் காய்ச்சத் தொடங்கினேன். ஆறிய பிறகு அதில் பிராந்தி கலந்தேன். சூடாக இருக்கும்போது கலந்தால் ஆவியாகி வீரியம் போய்விடும்.

வாங்குவதற்குப் புதுக்கோட்டைக்குப் பேருந்தில் போவேன். ஊரெல்லாம் குடிக்கு எதிராகப் பேசிய ஆள் டாஸ்மாக் வரிசையில் நிற்பதைக் கற்பனை செய்துபாருங்கள். மாஸ்க் போட்டு, தலையில் துண்டு கட்டி, இருமிக்கொண்டே நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் இல்லத்தில் குணமானவர் என்று நான் சான்று கொடுத்து அனுப்பிய ஆள்.

"சார், நீங்களா?"

"ஒரு ஆய்வுக்காக வந்தேன்" என்றேன்.

"நானும் அதுக்குத்தான் சார் வந்தேன்" என்றார்.

முதல் வாரம் சவரியப்பன், "கஷாயம் குடிச்சா வயித்துல கதகதன்னு இருக்குங்கய்யா, நல்லாத் தூக்கம் வருது" என்றார். வைகாசியில் அளவைக் கூட்டினேன். ஒரு வேளையை இரண்டு வேளையாக்கினேன், பிறகு மூன்று வேளை. ஆனி மாதத்தில் அவரே நேரத்துக்கு முன்னால் வந்து சமையலறை வாசலில் நிற்கத் தொடங்கினார். "ஒங்க கை மருந்துல என்னமோ இருக்குங்கய்யா" என்று நன்றி சொன்னார். அவரைப் பொறுத்தவரை நான் நல்ல வைத்தியன்.

பிச்சைக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்தது. அந்த டம்ளரைக் கழுவுகிறவர் அவர்தானே.

"ஐயா, இந்தக் கஷாயத்துல ஒரு வாசம் அடிக்குது. எனக்குத் தெரிஞ்ச வாசம்."

"அது வேர் பிரச்சினை. இந்தத் தடவை வந்த நிலவேம்பு வேற ஊர்ச் சரக்கு."

"சரக்குதான்யா. அதத்தான் சொல்றேன்" என்றார்.  அதன்பின் டம்ளரைக் கழுவ அவர் எடுத்துக்கொண்ட நேரம் நாளுக்கு நாள் நீண்டது. ஆடி பிறப்பதற்குள் பிச்சை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். பேருந்து நிறுத்தத்துக் கொட்டகையில் விழுந்து கிடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் இல்லத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் குணமான ஒரே ஆள் அவர்தான். பேச்சுகளில் அவரைத்தான் உதாரணமாகச் சொல்வேன். இப்போது வேறு உதாரணம் தேட வேண்டும்.

அடைக்கலமேரியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் சட்டென்று நகர்ந்து உட்கார்ந்தார். என்னைத் தேடி வந்தார்.

"எங்க மாமனாரு வாசம் இவரு மேல அடிக்குதுங்கய்யா."

"சில மருந்துகளில் ஸ்பிரிட் உண்டும்மா. ஹோமியோபதியில்கூட உண்டு" என்று ஆரம்பித்து வடிசாலை எப்படி வேலை செய்கிறது என்பதுவரை விளக்கினேன். நான் விளக்கத் தொடங்கினால் மக்கள் எழுந்துபோவதற்கு வழி தேடுவார்கள். என் வாழ்க்கையில் அந்தக் குணம் பயன்பட்டது அந்த ஒரு நாள்தான்.

கமிட்டி வருவதற்கு முன்பு கஷாயத்தை நிறுத்தினேன். சவரியப்பனுக்கு மட்டும். முதல் நாள் எரிச்சல்பட்டார். இரண்டாம் நாள் வியர்த்துக் கொட்டியது, சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். மருத்துவரும் வந்திருந்தார். மேசையில் தட்டு, டம்ளர், விளிம்புவரை தண்ணீர்.

சவரியப்பன் டம்ளரைத் தூக்கினார். பாதி வழியிலேயே தண்ணீர் அலையடித்தது. அந்த டேங்கருக்குள் அடித்திருக்குமே, அதே அலை. சட்டையில் சிந்தியது, மேசையில் சிந்தியது, தட்டு நிரம்பியது. அவர் டம்ளரை வைத்துவிட்டுத் தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஐயா, எனக்கு என்னமோ ஆயிருச்சு" என்றார்.

கமிட்டியில் இருந்த அம்மையார் மென்மையாக, "ஒத்துக்கறதுதாங்க முதல் படி" என்றார். நான் பிரேக், ஆக்ஸிலேட்டர் சொன்னேன். மூன்று மாதமாகியும் நிற்காத நடுக்கம் என்றால் முற்றிய நோய் என்று அவர்களாகவே குறித்துக்கொண்டார்கள். என் வாழ்நாளில் முதல்முறையாக நான் நிறுத்திய இடத்தில் கைதட்டினார்கள்.

அதன்பின் வழக்கு முறைப்படி முடிந்தது. சவரியப்பன் வீட்டுக்குப் போனார். லைசென்ஸ் இருந்தது, வேலை இருந்தது. கைதான் நிற்கவில்லை. அடைக்கலமேரி நிலவேம்பு வாங்கிக் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கசந்ததே தவிரக் கேட்கவில்லை. ஒரு நாள் லாரி நிறுத்தத்தில் இன்னொரு ஓட்டுநர், அந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, "இத ஒரு மடக்கு ஊத்துங்கண்ணே, நின்னுரும்" என்று கொடுத்திருக்கிறார். சவரியப்பன் மறுத்திருக்கிறார். மறுபடி மறுத்திருக்கிறார். பிறகு வாங்கியிருக்கிறார். வயிற்றில் அந்தக் கதகதப்பு இறங்கியதும், கை நின்றதும், அவருக்கு விளங்கிவிட்டது.

வீட்டுக்குப் போய், "மேரி, ஐயா குடுத்த கஷாயம் இதுதான்" என்று சொல்லி அழுதாராம். அழுதபடியே பாட்டிலைக் காலி செய்தாராம்.

ஷர்லியின் நிச்சயம் முறிந்தது. மறுநாள் காலையில் அடைக்கலமேரி என் இல்லத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"உள்ள வரயில குடிக்காத மனுசன். குடிய நிறுத்துற எடத்துல குடிகாரனாகி வெளிய வந்திருக்காரு. இது எப்படிங்கய்யா வேலை செய்யுது? நீங்கதான் எல்லாத்தையும் வெளக்குவீங்களே."

எதற்கும் விளக்கம் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு, உட்காருங்கம்மா, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் நேராக உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

நீங்களும் என்னிடம் கேட்டீர்கள்: ஏன் செய்தேன் என்று. எழுதிப் பார்க்கும்போது எனக்கே தெளிவாகிறது. நான் பொய் அறிக்கை எதுவும் கொடுக்கவில்லை. என் அறிக்கையில் சவரியப்பன் குடிநோயாளி என்று இருக்கிறது. இன்று அவரை எந்த மருத்துவரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், அவரும் அதையே சொல்வார். போன வாரம் குடித்துவிட்டு லாரி ஓட்டியதாகப் பிடித்திருக்கிறார்கள் என்று கேள்வி. இந்த முறை மிஷின் வேலை செய்ததாம். தயவுசெய்து அவரைச் சிறைக்கு அனுப்பாதீர்கள். அவர் குற்றவாளி அல்ல, நோயாளி. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நான் மடைமாற்றுத் திட்டத்தையே தொடங்கினேன். இதுவரை ஒரு தப்பான ஆளைக்கூட நாங்கள் சேர்த்ததில்லை.

முதலில் சொன்ன அந்தச் சின்னச் சிக்கலுக்கு விடை இதுதான். கை நடுங்காத ஆளாக இருந்தால், முதலில் கொடுக்க வேண்டும். பழகும்வரை கொடுக்க வேண்டும். பிறகு நிறுத்த வேண்டும். நடுங்கும்.